கேரவன் கட்ட பழைய சேஸ் வாங்குகிறீர்களா? முன்பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

பழைய மினி லாரி சேஸ் (பாடி இல்லாமல் இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) ஒன்றைக் காட்டி, "இதுலயே சின்னதா ஒரு கேரவன் கட்டித் தர்றோம், செலவு பாதிதான்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கும்பகோணம் பக்கம் ஒரு பட்டறையில் எங்கள் குடும்பத்தை இப்படித்தான் ஏமாற்றினார்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, நெடுநேரம் உட்கார முடியாது. வண்டியிலேயே படுக்கையும் கழிப்பறையும் இருந்தால் திருநள்ளாறு, வைத்தீஸ்வரன் கோயில், வேளாங்கண்ணி என்று நிதானமாகப் போய் வரலாம் என்பது அம்மாவின் ஆசை. நம் பக்கத்துக்குப் பெரிய வண்டி சரிப்படாது. வாய்க்கால் மதகுத் திருப்பத்திலேயே சிக்கிக்கொள்ளும், கோயில் தெருக்களுக்குள் நுழையாது. அதனால்தான் சின்ன சேஸ்.

பட்டறைக்காரர் சொன்னது இது: "கல்யாணப் பந்தல் சாமான் ஏத்துன வண்டி தம்பி. நாலு பேரும் ரெண்டு கட்டிலும் இதுக்கு ஒரு சுமையா?"

ஒரு வண்டி மொத்தம் எத்தனை கிலோ வரை போகலாம் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும். எங்கள் வண்டிக்கு 2,990 கிலோ. பாடி கட்டி முடித்ததும் நெல் வண்டிகள் எடை போடும் எடை மேடையில் ஏற்றினோம். சீட்டில் வந்தது 2,780 கிலோ. அதில் ஆள் இல்லை, தண்ணீர் இல்லை, சிலிண்டர்கூட இல்லை. மீதி 210 கிலோ. 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் அதுவே 150 கிலோ. மிச்சமுள்ள 60 கிலோவுக்கு ஓட்டுகிறவர் ஏறுவதே பெரும்பாடு. யாருக்காகக் கட்டினோமோ அவர்களுக்கு அந்த வண்டியில் இடமே இல்லை!

கொட்டேஷனில் அலுமினியச் சட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே இரும்புச் சதுரக் குழாயை வைத்திருந்தார்கள். அலமாரியெல்லாம் வீட்டுக்குப் போடும் 18 எம்.எம். பிளைவுட். கேட்டதற்கு, "பின்னாடி ஒரு பட்டை சேர்த்துட்டா சரியாயிடும்" என்றார். ஆகாது. ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் டயரும் பழையபடியேதான் இருக்கும், ஆர்.சி.யில் உள்ள எடையும் மாறாது.

இதைவிடக் கொடுமை அடியில் இருந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கெட்டியாகப் பூசியிருந்த கறுப்புப் பெயின்டை ஸ்குரூடிரைவரால் நெம்பினார். துரு அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. பின்சக்கரத்துக்கு மேலே சட்டம் அரித்துப்போன இடத்தில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து மறைத்திருந்தார்கள். அந்த வெல்டிங் ஓரத்திலேயே மயிரிழை விரிசல். ஆர்.சி.யில் இருந்த முந்தைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். வேதாரண்யம் உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிய வண்டியாம். அவர் அதை மறைக்கவே இல்லை, பட்டறைக்காரரிடமும் சொல்லித்தான் விற்றிருக்கிறார். உப்பு ஏற்றுவது குற்றமில்லை. ஆனால் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஊறிய சட்டத்தின்மேல் ஒரு குடும்பத்தைப் படுக்கவைக்கத் துணிந்தவரை என்னவென்று சொல்வது?

நீளத்திலும் விதியை மீறியிருந்தார்கள். பின்னச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி, இரண்டு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் வண்டியில் அச்சுத் தூரம் 2,500 மி.மீ., அப்படியென்றால் 1,500 வரைதான் நீளலாம். டேப் வைத்து அளந்தால் 1,900. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் அந்தக் கடைசியில்தான். பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரத்தின் பிடி குறையும். கொள்ளிடக் கரைச் சாலையில் ஓட்டியபோது ஸ்டீயரிங் லேசாகி அலைந்ததற்கு இதுதான் காரணம்.

பேப்பர் வேலையை "ஆர்.டி.ஓ.ல நான் பாத்துக்கறேன்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையே இருக்கிறது. கட்டுகிறவரிடம் அந்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேஸைத் தனியாக எடை போட்டு, முன்னச்சு பின்னச்சுக்குத் தனித்தனி சீட்டு வாங்குங்கள். பாடி எத்தனை கிலோ வரும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால், சின்னக் குடும்பத்துக்கு பாடியோடு வரும் மூடிய வேனே மேல். ஃபோர்ஸ் டிராவலர் வேன் பின்சக்கரத்தில் இழுக்கும். டாடா விங்கர் வேன் முன்சக்கரத்தில் இழுப்பதால், பின்னால் சுமையைக் குவித்தால் ஈரமண் பாதையில் சறுக்கும். அதை வைத்துத் தொட்டி எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். கொட்டேஷன், பணம் கொடுத்த ரசீது, எடைச் சீட்டு, அடிப்பக்கத்துப் படங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.