பியூப்ரினார்ஃபின் பேட்ச் (வலிக்கு தோல் மேல ஒட்டற மருந்து): டயாலிசிஸ்ல இருக்கற அப்பாவுக்கு 2 மாசமா ஒட்டறோம்

5க்கு 4 ஸ்டார். ஒரு ஸ்டார் போனது வேர்வையால, அத அப்புறம் சொல்றேன்.

அப்பாவுக்கு 71, வாரத்துக்கு 3 டயாலிசிஸ், அதோட முதுகெலும்பு ஒண்ணு அமுங்கிப்போய் ராத்திரி தூக்கமே இல்ல. ஒரு எலும்பு டாக்டர் டிரமடால்னு வலி மாத்திரை, 50 மில்லிகிராம், மூணு வேளைக்கு எழுதினாரு, கிட்னி பத்தி அவரும் கேக்கல நானும் வாயத் தொறக்கல. மூணாம் நாள் மனுஷன் உக்காந்த எடத்துலயே தூங்கறாரு, கை தூக்கித் தூக்கிப் போடுது, என்னைப் பாத்து செத்துப்போன அத்தை பேரச் சொல்லி கூப்பிடறாரு. அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா வலி கொறஞ்சு நல்லா தூங்கறார்னு நாங்க சந்தோஷமா வேற இருந்தோம்!

கிட்னி டாக்டரம்மா சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. டிரமடால் ஈரல்ல இன்னொரு பொருளா மாறுமாம், வலியக் கொறைக்கறதுல அதுக்குத்தான் பவர் ஜாஸ்தி, ஆனா அது மூத்திரத்துலதான் வெளிய போகணும். அப்பாவுக்கு மூத்திரமே இல்ல, எங்க போகும்? வேளா வேளைக்கு சேந்துக்கிட்டே இருக்கு, டயாலிசிஸ்லயும் கொஞ்சம்தான் போகுமாம். மார்ஃபின் இன்னும் மோசம்னாங்க, கோடீனும் உடம்புல மார்ஃபினாத்தான் மாறுது, வீட்ல கெடந்த கோடீன் இருமல் சிரப்ப தூக்கிப் போடச் சொன்னாங்க.

இந்த பேட்ச் மருந்து பெரும்பாலும் பித்தம் வழியா மலத்துல போயிடுது, டயாலிசிஸும் இத உறிஞ்சிடாது, அதனால மெஷின்ல இருந்து எறங்கினதும் வலி திரும்ப வர்றதில்ல. மணிக்கு 5 மைக்ரோகிராம்தான், 7 நாளைக்கு ஒண்ணு. ஒட்டின அன்னிக்கே எதிர்பாக்காதீங்க, முழுசா புடிக்க 3 நாள் ஆச்சு. இப்போ ராத்திரி அஞ்சு மணி நேரம் தூங்கறாரு, பேச்சு தெளிவா இருக்கு.

கொறைன்னா, கரண்ட் போன ராத்திரி வேர்வையில ஓரம் பிரியுது, மேல டேப் போட வேண்டியிருக்கு. மலச்சிக்கல் நிச்சயம், அப்பா குடிக்கற தண்ணிக்கு அளவு இருக்கறதால, நெறைய தண்ணி கேக்கற இசப்கோல் வேணாம்னு லாக்டுலோஸ் குடுத்தாங்க. பேட்ச் மேல வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது, சூட்டுல மருந்து வேகமா எறங்கும். கிட்னிக்கு பரவாயில்லன்னா மூச்சுக்கும் பரவாயில்லன்னு நெனச்சுறாதீங்க, இதுவும் மூச்ச மந்தமாக்கற மருந்துதான், அப்பாவோட பழைய தூக்க மாத்திரைய டாக்டர் நிறுத்தினதுக்கு அப்புறம்தான் இத எழுதினாங்க. சீட்டு இல்லாம கடையில தர மாட்டாங்க, எங்க ஏரியாவுல மூணு கடை ஏறி எறங்கினோம்.

ஞாயித்துக்கெழமை மாத்தறோம், ஒரு வாரம் வலது தோள், அடுத்த வாரம் இடது, அப்புறம் நெஞ்சு. பழசுல மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டற பக்கத்த உள்ள மடிச்சு பேரன் கைக்கு எட்டாம போட்டுருவோம்.