பள்ளி ஆய்வகத்தில் ஏஐ கருவிகள்: மூன்று கல்வியாண்டு அனுபவம்

தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வெளிவந்தது. அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது எங்கள் பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது. ஒளித்து வைத்துப் பயன்படுத்துவதற்கு என் கண்முன்னால் பயன்படுத்தட்டும் என்று தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கினேன். அதிலிருந்து மூன்று கல்வியாண்டுகளாக, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளோடு மூன்று நான்கு அரட்டைக் கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். எது நன்றாகப் பதில் சொல்கிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன்.

முதல் வருடம் முழுக்க என் பயமெல்லாம் காப்பியடிப்பது பற்றித்தான். 'இது மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா' என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்தை நம்பி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஆங்கிலக் கட்டுரையை இயந்திரம் எழுதியது என்று முடிவு கட்டினேன். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், அடித்துத் திருத்திய மூன்று வரைவுத் தாள்களோடு மறுநாள் வந்தாள். அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டறியும் கருவி போதிய துல்லியமாக இல்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டிருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை இத்தகைய கருவிகள் இயந்திர எழுத்தாகக் காட்டியதை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அதே ஆண்டு கண்டறிந்திருந்தார்கள். எளிய சொற்களில், சிறு வாக்கியங்களில் எழுதுவதுதான் அவர்கள் செய்த குற்றம். தமிழ் வழியில் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் ஆங்கிலம் எழுதுவார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த வகைத் தளங்கள் எதையும் இப்போது தொடுவதில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையை உட்கார வைத்து, எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினாலே தெரிந்துவிடுகிறது.

தவறான பதில்களும் அந்த வருடத்துக் கவலைதான். குறள் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் ஏழு சீரில் இல்லாத குறள் ஒன்றை உரையோடு சேர்த்துத் தந்தது ஒரு கருவி. பிள்ளைகள் சிரித்தார்கள், அன்று முதல் பாடநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

வந்த பதிலையே இப்படிக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதற்குள் என்ன தட்டச்சு செய்கிறார்கள் என்று பார்க்கவில்லை. நான் செய்த பெரிய பிழை அதுதான்.

எங்கள் ஆய்வகத்தில் 14 கணினிகள். பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சொந்த மின்னஞ்சல் கிடையாது. அதனால் என் மின்னஞ்சலில் ஒரே ஒரு கணக்கைத் தொடங்கி எல்லாக் கணினியிலும் திறந்து வைத்தேன். வசதியாக இருந்தது. இரண்டாம் வருடம் ஒரு நாள், பத்தாம் வகுப்பு மாணவி பொதுத்தேர்வுக்கு ஒரு கால அட்டவணை கேட்டாள். வந்த பதிலில், அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் படிக்க முடியாது என்று நீங்கள் சொல்லியிருந்ததால் காலை ஐந்து மணிக்குத் தொடங்குங்கள் என்று இருந்தது. "டீச்சர், எங்கப்பா குடிக்கவே மாட்டாரு!" என்று அவள் பதறிக் கத்தினாள். வகுப்பு மொத்தமும் திரையைப் பார்த்தது.

பயனர் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி அந்தக் கருவியில் வந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. அதன் கணக்கில் பேசுவது ஒரே ஆள். எங்கள் ஆய்வகத்திலோ அந்த ஒரே ஆளுக்குப் பின்னால் இருநூறு பிள்ளைகள். பக்கவாட்டில் பழைய உரையாடல்களின் பட்டியலும் திறந்தே கிடந்தது. யார் எழுதியது என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முந்தைய பாடவேளையில் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்.

மாலையில் அவனைத் தனியாக அழைத்தேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்று மட்டும் கேட்டான். அமைப்புகளுக்குள் போய் நினைவுப் பட்டியலைக் காட்டினேன். அவன் அப்பாவைப் பற்றிய வரி அங்கே இருந்தது. அழி என்ற பொத்தானைத் தானே அழுத்த வேண்டும் என்றான். அழுத்தினான். உரையாடலையும் அவனே அழித்தான். பிறகும் பல நாள் அவன் ஆய்வகத்துக்கு வரவில்லை.

அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினேன். மாணவர் கணினிகளிலிருந்து கணக்கை வெளியேற்றினேன். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு என் திரை மட்டும்தான். புரொஜெக்டரில் எல்லோரும் பார்க்க, தட்டச்சு செய்வது நான். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் தனிக் கணினி, அதுவும் தற்காலிக உரையாடல் முறையில். சாட்ஜிபிடியில் இந்த முறையில் பேசினால் பட்டியலில் சேராது, நினைவில் ஏறாது, கருவியை மேம்படுத்தத் தரும் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளப்படாது. ஆனாலும் 30 நாள் வரை நிறுவனத்திடம் ஒரு பிரதி இருக்கலாம். 'தற்காலிகம்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதால், இந்த 30 நாள் விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம் உரையாடல்களைப் பயிற்சிக்குத் தரும் அனுமதி, நாமாக அணைக்காதவரை பெரும்பாலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக் கைபேசியில் அதை எப்படி அணைப்பது என்று ஒரு பாடவேளை முழுக்கச் செய்து காட்டினேன். இத்தனை நாளில் நான் எடுத்த பயனுள்ள வகுப்பு என்றால் அதைச் சொல்வேன்.

அமைப்புகளைவிட அதிகம் உதவியது ஒரு காகிதம். கருவியிடம் கேட்கப்போகும் கேள்வியை முதலில் அரைத் தாளில் எழுத வேண்டும். பெயர், ஊர், பள்ளி, கைபேசி எண், ஆதார், எமிஸ் என்ற மாணவர் பதிவு எண், மதிப்பெண், வீட்டு விவகாரம், உடல்நலம் எது வந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மிச்சத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அடித்த பிறகும் கேள்வி முழுதாக நின்றால் கேட்கலாம். அநேகமாக நிற்கும், 'என் தங்கைக்கு வலிப்பு வரும்' என்று எழுதாமலே வலிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். தொடக்கத்தில் முனகினார்கள், நேரம் போகிறது என்றார்கள். உண்மைதான், 40 நிமிட வகுப்பில் பத்து நிமிடம் இதற்கே போய்விடும். போனால் போகட்டும்.

படங்கள் விஷயத்தில் காகிதம் உதவாது. 2025 மார்ச் இறுதியில் நம் புகைப்படத்தை ஜப்பானியக் கார்ட்டூன் போல மாற்றும் கிப்லி பாணிப் படங்கள் பரவியபோது எங்கள் பிள்ளைகளும் ஏற்றித் தள்ளினார்கள். ஒருத்தி காட்டிய மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டை. அதில் பெயர், ரத்த வகை, அப்பாவின் எண் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நான் சொன்னபோதுதான் அவள் அதைக் கவனித்தாள்.

ஸ்பெயினில் அல்மென்ட்ராலேஹோ என்ற ஊரில் 2023 செப்டம்பரில் நடந்ததை மேல் வகுப்புகளில் மறைக்காமல் சொல்கிறேன். சமூக ஊடகத்தில் மாணவிகள் தாங்களே போட்ட சாதாரணப் படங்களை எடுத்து, ஒரு ஏஐ செயலியில் நிர்வாணப் படங்களாக மாற்றிப் பரப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகள். செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை, அதே வட்டாரத்துப் பையன்கள். 15 சிறார்களுக்கு 2024இல் நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. இதைச் சொல்லும்போது பையன்கள் பக்கம்தான் பார்த்துச் சொல்கிறேன். நம் நாட்டில் போக்சோ சட்டத்தின் 2019 திருத்தம், உண்மைக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாத கணினி உருவாக்கப் படத்தையும் சேர்த்தே சொல்கிறது. 'விளையாட்டுக்குச் செஞ்சேன்' என்பது அங்கே எடுபடாது.

அப்படி ஒரு படம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்பதில் ஆசிரியர்களுக்கே குழப்பம் இருக்கிறது. ஆதாரத்துக்காக எனக்கு அனுப்பு என்று சொல்லிவிடாதீர்கள். அனுப்புவதும் பரப்புவதுதான். கணக்கின் பெயர், இணைப்பு, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம், தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காகவே இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்ற வேண்டியதில்லை. நம் கைபேசியிலேயே அதற்கு ஓர் எண்குறி உருவாகும், அந்தக் குறி மட்டும் இதில் பங்கேற்கும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும். இந்த மூன்றையும் ஆய்வகக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். யாரும் பார்க்காதபோது படித்துக்கொள்ளட்டும் என்றுதான் உள்பக்கம்.

இனி வீடு. இங்கேதான் என் கை எட்டவில்லை.

கலிபோர்னியாவில், சாட்ஜிபிடியோடு பேசிவந்த 16 வயது மகனைத் தற்கொலையில் இழந்த பெற்றோர் 2025 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த மாதம் சாட்ஜிபிடியில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி வந்தது. பிள்ளையின் கணக்கைத் தன் கணக்கோடு இணைத்து, இரவில் குறிப்பிட்ட நேரம் இயங்காமல் நிறுத்தலாம், நினைவை அணைக்கலாம். ஆர்வமாகப் பெற்றோர் கூட்டத்தில் விளக்கினேன். பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "வீட்ல இருக்கறதே ஒரு போனுதான் டீச்சர். பகல்ல அவரு எடுத்துட்டுப் போயிடுவாரு, ராத்திரிதான் புள்ளைங்க கைக்கு வரும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இணைக்க இரண்டு கணக்கு வேண்டும். அங்கே இருப்பது ஒன்று, அதுவும் அப்பாவின் பெயரில், அப்பாவின் பிறந்த தேதியில். இரவு பதினொரு மணிக்குப் பேசுவது 14 வயதுப் பெண் என்று கருவிக்கு யார் சொல்வார்கள்? நாற்பது வயது ஆணிடம் பேசுவதைப் போலத்தான் அது பேசக்கூடும். சிறார்களுக்கென்று வைத்த பாதுகாப்பு அந்த வீட்டில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் எல்லோரையும் குழந்தை என்கிறது, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்பாவின் கைபேசியில் உள்நுழைந்த பிள்ளை சட்டத்தின் கண்ணுக்கும் அப்பாதான். அதனால் பெற்றோரிடம் இப்போது இரண்டே இரண்டு கேட்கிறேன். நினைவு வசதியை அணையுங்கள், இரவில் கைபேசி கூடத்தில் இருக்கட்டும். சிலர் செய்கிறார்கள். சாய்ந்துகொள்ளத் துணை இல்லாத பிள்ளைகளின் வீட்டில் இது நடப்பதில்லை என்பதுதான் என்னை வாட்டுகிறது. "அது திட்டாது டீச்சர், எத்தனை தடவை கேட்டாலும் சலிச்சுக்காது" என்று ஒரு பையன் சொன்னதை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். சலித்துக்கொள்ளாத ஆளாக நாமும் இருந்திருக்கலாமே.

புதிதாகத் தொடங்கும் பள்ளிகள் கேட்டால், எட்டாம் வகுப்பு வரை வேண்டாம் என்பேன். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 13 வயதைத்தான் குறைந்தபட்ச எல்லையாகச் சொல்கிறது. ஒன்பது முதல் ஆசிரியர் திரையில் மட்டும். எக்காரணம் கொண்டும் பொதுக் கணக்கு கூடாது. பிள்ளைகள் பேசுவதைக் கண்காணித்துத் தருகிறோம் என்று மென்பொருள் விற்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு பையனின் ரகசியம் ஒரு வகுப்புக்குத் தெரிந்ததன் வலியைப் பார்த்தவள் நான், எல்லாருடைய ரகசியத்தையும் ஒரு நிறுவனத்திடம் கொடுக்க மாட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேள்வித் தாளை நீட்டினாள். நான் பேனாவை எடுப்பதற்கு முன்பே இரண்டு வரிகளைச் சிவப்பில் அடித்திருந்தாள். படிக்க முடியாத அளவுக்கு அழுத்தி அடித்திருந்தாள். மிச்சமிருந்தது அறிவியல் கேள்வி. அதைக் கருவியிடம் கேட்டோம், பதில் சரியாகவே வந்தது. மற்றவர்கள் போன பிறகும் அவள் பையை மாட்டாமல் நின்றாள். "அடிச்சதை உங்ககிட்ட கேக்கலாமா டீச்சர்?" என்றாள். திரையை அணைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டேன்.