எலியா, இயந்திரமா? மட்டி நஞ்சை அளக்கும் இரண்டு வழிகள்

கொட்டியாரக் குடாவில் பொறுக்கிய மட்டியை அவித்து, வாய் திறந்ததும் இறக்கிவிடுவோம். அதில் சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சு இருந்தால் அவியலுக்கெல்லாம் அது அசையாது. மணமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

பழைய வழி எலி. மட்டிச் சாற்றை வயிற்றறைக்குள் ஊசியால் ஏற்றி, கடிகாரத்தோடு உட்காருவார்கள். 20 கிராம் எலியை 15 நிமிடத்தில் கொல்லும் அளவுதான் ஓர் எலி அலகு. எந்த நஞ்சு என்று தெரியாமலே மொத்த நச்சு வேகமும் தெரிந்துவிடும். ஆனால் சாற்றில் உப்பு கூடினால் அளவு குறைத்துக் காட்டும். அப்புறம், எலிக்கு ஊசி, நமக்கோ வாய்வழி.

புது வழி இயந்திரம். திரவ குரோமடோகிராபி, அதாவது சாற்றில் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் முறை, ஒவ்வொரு நஞ்சையும் தனியாக அளக்கும். ஒவ்வோர் அளவையும் வீரியக் காரணியால், அதாவது சாக்சிடாக்சினோடு ஒப்பிட்டால் அந்த நஞ்சு எத்தனை மடங்கு கடுமை என்ற எண்ணால், பெருக்கிக் கூட்டுவார்கள், சாக்சிடாக்சினுக்கு 1. சிக்கல் இங்கேதான். அதே குடும்பத்து நஞ்சான நியோசாக்சிடாக்சினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் கொடுத்தது 1. உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2016இல் கொடுத்தது 2. மட்டியில் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் நியோசாக்சிடாக்சின் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு கணக்கில் 500, மற்றதில் 1000. அனுமதிக்கும் வரம்பு 800. அதே மட்டி, இரண்டு தீர்ப்பு!

என் வாக்கு இயந்திரத்துக்குத்தான், 2 என்ற காரணியோடு. பெயர் தெரியாத நஞ்சு வந்தால் மட்டும் அது திணறும். நஞ்சுள்ள பேத்தை மீனுக்கு இரண்டு சோதனையும் வேண்டாம். வலையில் வந்தால் அப்படியே வீசிவிடுங்கள்.