திருட்டு நடந்த மறுநாள் யார் வருகிறார்கள்? எங்கள் ரோட்டுக் காவல் சேவை பற்றி

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் கேட்டுக்குக் கேட் ஒரு காவல் கம்பெனியின் பலகை தொங்குகிறது. எந்தக் கம்பெனியை எடுத்தாலும் அலாரம் தருவார்கள், பேனிக் பட்டன் தருவார்கள், துப்பாக்கியோடு வண்டி அனுப்புவார்கள். மாதக் கட்டணத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. திருட்டு நடந்து முடிந்த மறுநாள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், அங்கேதான் ஆள் தெரியும். எங்கள் ரோட்டில் இப்போது பல வீடுகள் சேர்ந்து எடுத்திருக்கும் சிறிய உள்ளூர் கம்பெனி அந்த விஷயத்தில் கெட்டிக்காரக் கம்பெனி.

முன்பு இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். போன குளிர்காலத்தில் பின்கதவை நெம்பி எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். டிவி, லேப்டாப், அம்மா வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் போயிற்று. கம்பெனி வண்டி வந்தது. படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போலீஸ் கேஸ் நம்பரை இன்ஷூரன்ஸுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்ஷூரன்ஸ் பணத்தில் புது டிவி வாங்கிச் சுவரில் மாட்டினோம், அதுவும் அதே கதவு வழியாகவே போனது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு ஆயா வீட்டில். அந்தக் கம்பெனிக்கு இவை மூன்று தனித்தனிப் படிவங்கள், அவ்வளவுதான்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் காய்ச்சல் கண்டால், யாரும் அவற்றைத் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். திருட்டையும் அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் இடத்திலும் காலத்திலும் சேர்ந்தே கூடுகிறதா என்று பார்க்க, ஜார்ஜ் நாக்ஸ் 1964-ல் வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு கணக்கு முறையைப் பயன்படுத்தினார். அதே முறையைக் குற்றவியல்காரர்கள் வீட்டுத் திருட்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2007-ல் வந்த ஓர் ஆய்வு ஐந்து நாடுகளில் பத்து இடங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டில் திருட்டு நடந்தால், சுமார் 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அடுத்த இரண்டு வாரம் ஆபத்து கூடுகிறது என்று எல்லா இடத்திலும் வந்தது. அப்புறம் மெல்லக் குறைகிறது. திருட்டுப் போன வீட்டுக்கே மறுபடி வருவதும் பெரும்பாலும் சீக்கிரமே நடக்கிறது. வழி தெரிந்துவிட்டது, கதவு இன்னும் சரியாகவில்லை, பழைய பொருளின் இடத்தில் புதுப் பொருள் வந்திருக்கும். வேறென்ன வேண்டும்?

என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது பிரிஸ்பேன் ஆய்வு, 2003-ல் வந்தது. ஒரே மாதிரி வீடுகள் இருக்கும் பகுதிகளில்தான் திருட்டு பக்கத்து வீடுகளுக்கு அதிகம் தாவுகிறதாம். சாட்ஸ்வொர்த்தைப் பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் நம் குடும்பங்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்து, 1960களில் வரிசை வரிசையாக ஒரே பிளானில் கட்டி இங்கே குடிவைத்தார்கள். பின்னால் எவ்வளவோ மாற்றிக் கட்டியிருக்கிறோம். ஆனாலும் எங்கள் வரிசையில் ஒரு வீட்டின் சமையலறைக் கதவு எங்கே என்று தெரிந்தவனுக்கு எல்லா வீட்டுக் கதவும் தெரியும்.

இப்போதைய கம்பெனியின் மேற்பார்வையாளர் ஒரு தம்பி. முதல் நாள் வந்தபோதே அலாரம் விற்கத் தொடங்கவில்லை. "கடைசியாக இந்த வரிசையில் எந்த வீட்டில் நடந்தது, ஆன்ட்டி? என்றைக்கு, எந்த நேரம், எந்தப் பக்கமாக வந்தார்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். திருட்டு நடந்தால் அன்றே ஆள் அனுப்பிக் கதவையும் பர்க்ளர் கார்டையும் (கதவு, ஜன்னலுக்குப் போடும் இரும்புக் கம்பி) தற்காலிகமாகவாவது பலப்படுத்துகிறார்கள். அந்த வீட்டுப் பின்முற்றத்தில் ஆள் நடமாட்டத்தைக் கண்டு அலாரம் எழுப்பும் பீம் ஒன்றை இரவல் வைக்கிறார்கள், சில வாரம் கழித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரு பக்கமும் எதிர்வரிசையும் சேர்த்துக் கதவு தட்டி, சந்தாதாரரா இல்லையா என்று பார்க்காமல், எச்சரிக்கிறார்கள். ரோந்து வண்டி அந்த நேரத்தை ஒட்டியே சுற்றுகிறது.

இது அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் ராச்டேலில் உள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களிலேயே செய்து பார்த்தது. திருட்டுப் போன வீடுகளை உடனே பலப்படுத்தி, சுற்றி இருக்கும் ஆறேழு வீட்டுக்காரர்களை அந்த வீட்டின் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். காசு போடும் மின்சார, கேஸ் மீட்டர்களை உடைப்பதுதான் அங்கே பாதித் திருட்டு, அவற்றையும் அகற்றினார்கள். மூன்று ஆண்டுகளில் திருட்டு முக்கால்வாசி குறைந்தது. நாற்பது வருடம் ஆகப்போகிறது. இங்கே மாதாமாதம் இவ்வளவு ரேண்ட் வாங்கும் பெரிய கம்பெனிகள் இதைச் செய்யாதது எனக்குக் கோபம்தான்.

குறைகளும் உண்டு. போன் ஆப் அடிக்கடி வெளியேற்றிவிடுகிறது, வயதானவர்களுக்கு அது வேலைக்கு ஆகாது, கையில் பேனிக் பட்டன் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் அடிக்கடி போனால் அலாரப் பேட்டரி முழுதாக ஏறாமலே தேய்ந்துவிடும். லோட் ஷெட்டிங் காலத்தில் எத்தனையோ வீட்டில் இப்படித்தான் அலாரம் ஊமையானது. அதைச் சோதிக்க இவர்களும் தாமாக வருவதில்லை, நாம்தான் கூப்பிட வேண்டும்.

பழைய ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 20 வேலை நாள் முன்பு எழுத்தில் தெரிவித்துவிட்டு நடுவிலேயே விலகலாம். நியாயமான அளவில் ரத்துக் கட்டணம் கேட்பார்கள், பேசிப் பாருங்கள். புதுக் கம்பெனி எதுவானாலும் பிசிரா (தனியார் காவல் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு எண் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெரிய குறையை அந்தத் தம்பியிடமே சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங் அறையில் வாடகைக்கு இருப்பவர்களிடம் இவர்கள் போவதே இல்லை. முன்வீட்டுக் கதவு பலமானால் திருடன் அடுத்துப் பார்ப்பது அந்த ஒற்றை அறையைத்தான், அங்கே பெரும்பாலும் பர்க்ளர் கார்டே இருக்காது. முன்வீட்டுக் கட்டணத்திலேயே அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று ரோட்டுக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.