"உங்கட ஊர்ச் சாமான் தம்பி" எண்டு சொல்லி வித்த பழைய லைட், 38,000 ரூவா போனது

பழைய காலத்து கரண்ட் லைட், பல்ப், சுவிச் சேக்கத் தொடங்கியிருக்கிற ஆக்கள் தயவுசெய்து இத முழுசா வாசிங்க. காசு போனதுக்காக மட்டும் எழுதல்ல. அந்த லைட்டால அம்மாவுக்கு கரண்ட் அடிச்சது, அதுதான் எழுத வெச்சது.

நான் மட்டக்களப்பு கல்லடி. போன வருசம் அம்மப்பாட வீட்ட இடிக்கக்குள்ள செவத்துல இருந்த ரெண்டு வட்டமான பேக்லைட் சுவிச்சையும் ஒரு பீங்கான் ஹோல்டரையும் நான் தான் கழட்டி எடுத்தன், கழுவித் துடைச்சு மேசையில வெச்சுப் பாத்தா அந்தக் கறுப்பும் அந்த 'டக்' எண்ட சத்தமும் மனசுக்க ஒட்டித்து, அப்படித்தான் தொடங்கினது இந்த ஆச. எங்கட பக்கம் இப்படிச் சாமான் மிஞ்சினதே பெரிய விசயம், 78 சூறாவளி ஒருக்கா கொண்டு போச்சு, மறுகா சண்டை, மறுகா சுனாமி, கடற்கரை வீடுகள்ள ஒண்டும் இல்ல. அதால இஞ்ச தேடினா கிடைக்காது எண்டு நினைச்சு பேஸ்புக்ல தேடத் தொடங்கினன்.

பழைய சாமான் விக்கிற ஒரு பேஜ், கொழும்புப் பக்கம். பேர் சொல்லல்ல. மெசேஜ் போட்டன், முதல் கேள்வியே "தம்பி நீங்க எந்த ஊர்?" எண்டுதான். "மட்டக்களப்பு அண்ணன்" எண்டன். ரெண்டு நாளால அவரே எடுத்தார். "தம்பி, உங்கட ஊர்ச் சாமான் ஒண்டு வந்திருக்கு, உங்கட கோட்டைக்குள்ள இருந்த பழைய கந்தோர்ல இருந்து கழட்டினது, 1890ல வெள்ளக்காரன் பூட்டினது, முழுப் பித்தளை, எடிசன் காலத்து கரி இழை பல்போட தாறன், வேற ஆள் கேக்கார், நீங்க ஊர்க்காரன் எண்டதால உங்களுக்கு." படமும் வந்திச்சு, செவத்துல பூட்டுற வளைஞ்ச கை, பச்சை எனாமல் மூடி, உள்ளுக்கு கூடு மாதிரி இழை ஓடுற பல்ப். கோட்டைய நான் சின்னதுல இருந்து பாக்கன், அதுக்குள்ள எரிஞ்ச லைட் கொழும்புல யாரோட வீட்டயோ போகப் போகுதெண்டு நினைக்க விட மனமில்ல. முழுக் காசையும் பேங்க்ல போட்டன். பார்சல் பஸ்ல வந்திச்சு, ஆரையம்பதி மச்சான் தான் எடுத்து வந்து தந்தான்.

இப்ப யோசிச்சா அந்த 1890 எண்ட ஒரு சொல்லிலயே நான் நிண்டிருக்கணும். இலங்கையில கரண்ட் சப்ளை முதல் வந்ததே 1895ல, கொழும்பு பிறிஸ்டல் ஹோட்டலுக்கு எண்டுதான் சொல்றாங்க. கொழும்புக்கே வராத கரண்ட் அஞ்சு வருசத்துக்கு முந்தி மட்டக்களப்புக் கோட்டைக்கு எப்படி வந்த? இத ஒரு நிமிசத்துல தேடிப் பாத்திருக்கலாம். யாரும் வருசம் சொன்னா முதல் அந்த வருசத்துல அந்த இடத்துல கரண்ட் இருந்ததா எண்டு பாருங்க.

வெராண்டாவுல பூட்டினன். சுவிச்ச போட்டன், சிவந்த மஞ்சள்ல எரிஞ்சிச்சு, அம்மாவும் வந்து நிண்டு பாத்தா. நாலு நாள் ஒண்டும் இல்ல. அஞ்சாம் நாள் காலம்பற அம்மா வெராண்டாவ கழுவித்து ஈரத் துணியால அந்த லைட்ட வளைஞ்ச கையத் தொடைச்சிருக்கா, லைட்டும் போட்டபடி. சத்தம் கேட்டு ஓடி வந்தன், அம்மா நிலத்துல இருக்கா, வீட்டுல கரண்ட் இல்ல. ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிஞ்சா தானா நிப்பாட்டுற சுவிச்) விழுந்திருக்கு. அது விழுந்ததால அம்மா இருக்கா. கை நடுக்கம் நிக்க அரை நாள் எடுத்த. எங்கட பக்கம் எத்தின பழைய வீட்டுல ட்ரிப் சுவிச் இல்லாம பியூஸ் மட்டும் இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும், பியூஸ் ஒரு ஆளுக்கு கரண்ட் அடிச்சா போகாது, அவ்வளவு கரண்ட் அதுக்கு காணாது. ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிஞ்சாலே விழும்.

பின்னேரம் பெரியப்பா வந்தார், அவர் வயரிங் வேலை செஞ்சு ரிட்டையர் ஆன ஆள். லைட்ட கையக் கழட்டி வயர இழுத்தார், இழுக்க இழுக்க றப்பர் தூளா கொட்டுது. வெளியால தெரியிற ஒரு முழம் புது துணி வயர், உள்ளுக்க குழாய்க்க இருந்தது பழைய றப்பர் வயர், காய்ஞ்சு பிஸ்கட் மாதிரி. வளையிற இடத்துல செம்பு வெளியால வந்து குழாயில முட்டி நிக்கு. எர்த் வயரே இல்ல. "மகன், பழசு எண்டா உள் வயர் முழுக்க மாத்தாம சுவிச்ச தொடப்படாது, எர்த் இல்லாத இரும்ப கரண்டோட செவத்துல வெச்சா அது பாம்பு" எண்டார். நாலு நாளும் அந்தக் கை முழுக்க கரண்டோட இருந்திருக்கு, காய்ஞ்ச செவத்துல இருந்ததால ட்ரிப்புக்கு தெரியல்ல, ஈரக் கை பட்டப்பதான் வழி கிடைச்சிருக்கு.

அவர் இரும்பு எண்டு சொன்னதும் எனக்கு விளங்கல்ல, பித்தளை எண்டுதானே காசு குடுத்தன். ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தம் ஒண்ட கொண்டு வந்து வெச்சார், டக் எண்டு ஒட்டித்து. பித்தளையில காந்தம் ஒட்டாது. மேல பூச்சு மட்டும் தான்.

மறுகா பல்ப். இதுதான் எனக்கு கூட வலிச்ச, ஏனெண்டா கரி இழை பல்ப் எண்டா உண்மையிலயே அருமையான சாமான். பெரியப்பா மல்டிமீட்டர எடுத்து பல்ப்ட அடியில வெச்சார், 130 ஓம் காட்டுது (ஓம் எண்டா இழை கரண்ட எவ்வளவு தடுக்குது எண்ட அளவு). "இது கரி இல்ல, டங்ஸ்டன்" எண்டார். ஏன் எண்டா டங்ஸ்டன் (சாதாரண குண்டு பல்புக்குள்ள இருக்கிற உலோக இழை) ஆறியிருக்கக்குள்ள ஓம் குறைவு, சூடாகச் சூடாக பத்து மடங்குக்குக் கிட்ட ஏறும். 230 வோல்ட்டுல 40 வாட் எரியிற பல்ப்புக்கு எரியக்குள்ள 1,300 ஓம் இருக்கும், ஆறினா நூத்துச் சொச்சம். கரி இதுக்கு நேர்மாறு, ஆறியிருக்கக்குள்ளதான் ஓம் கூட, சூடானா குறையும். அப்ப உண்மையான கரி இழை அதே வாட்டுல எண்டா ஆறின பல்ப்புலயே ஆயிரத்துக்கு மேல காட்டியிருக்கணும். மீட்டர் ஹாட்வெயார்ல கிடைக்கு. விக்கிறவரிட்ட "பல்ப்ப மீட்டர்ல வெச்சு வீடியோ எடுத்து அனுப்புங்க அண்ணன்" எண்டு கேளுங்க, அனுப்ப மாட்டன் எண்டா விட்டுருங்க.

அந்தக் கூடு மாதிரி இழையே கரி பல்புக்கு உரியதில்ல எண்டும் மறுகா தான் படிச்சன். கரி இழை பெரும்பாலும் ஒரு வளையம், இல்லாட்டி ஒரு ரெண்டு சுத்துத்தான். மேலயும் கீழயும் கொக்கி போட்டு இழைய ஓட்டினது டங்ஸ்டன் வந்த பொறகு, 1910க்கு கிட்ட, டங்ஸ்டனுக்கு நீளம் கூடத் தேவைப்பட்டதால. இப்ப அலங்காரத்துக்கு புதுசா செஞ்சு விக்கிற பல்ப் கனக்க இந்தக் கூடுதான். என்ட பல்ப்ட கண்ணாடியில வெளிச்சத்துல சரிச்சுப் பாத்தா ஏதோ எழுத்த தின்னர் போட்டு அழிச்ச தடம், 220-240 எண்டு மட்டும் மங்கலா தெரியுது. பழைய கரி பல்புகள்ள வாட்டுக்குப் பதிலா 16 மெழுகுதிரி வெளிச்சம் எண்ட மாதிரித்தான் அடிச்சிருப்பாங்க. உச்சியில கண்ணாடி முனை நீட்டிக்கொண்டு இருந்தா பழசு எண்டு சில ஆக்கள் சொல்வாங்க, அத மட்டும் நம்பாதீங்க, புதுசுலயும் அந்த முனைய வெச்சு செய்றாங்க.

இன்னொண்டு. உண்மையான பழைய பல்ப் உங்களுக்கு கிடைச்சா நேரா கரண்டுல போடாதீங்க, அமெரிக்காப் பல்ப் எண்டா 110 வோல்ட் தான், நம்மட 230ல போட்டா அந்த நொடியே போயிரும், நூறு வருசம் தாங்கின சாமான். வோல்ட்டப் பாத்து, ஒரு சாதாரண 60 வாட் குண்டு பல்ப்ப சீரிஸ்ல (ஒரே வயர்ல ஒண்டுக்குப் பின்னால ஒண்டா) போட்டுப் பாருங்க.

காசு? வித்தவருக்கு கோல் எடுத்தன், முதல் நாள் "தம்பி பழசு எண்டா அப்படித்தான் இருக்கும்" எண்டார். அம்மாக்கு நடந்தத சொன்னன். அதுக்கு ஒரு சொல்லும் இல்ல, மறுகா ப்ளொக் பண்ணித்தார். பார்சல் பில்லும் பேங்க் சிலிப்பும் மெசேஜ் எல்லாமும் எடுத்து வெச்சு பொலிசுல முறைப்பாடு குடுத்திருக்கன்.

போன கிழமை திருகோணமலையில என்னோட படிச்ச ஒராள் வாட்ஸ்அப்ல ஒரு படம் போட்டு "மச்சான் இது எப்படி, வாங்கலாமா" எண்டு கேட்டான். எனக்கு வந்த படத்துல இருந்த அதே கை, அதே பச்சை மூடி, விளிம்புல வலப்பக்கம் பெருவிரல் நகமளவு எனாமல் உடைஞ்ச அதே இடம். அவனிட்டயும் விக்கிறவர் முதல் எந்த ஊர் எண்டு கேட்டிருக்கார். அவனுக்குச் சொன்ன கதையில அது திருகோணமலை துறைமுகத்துல இருந்து வந்த லைட், விலை 45,000. அந்த உடைஞ்ச மூடிட படத்த உங்களுக்கு யாரும் அனுப்பினா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, முறைப்பாட்டோட சேக்கணும்.