கமக்கட்டுக்கு ஊசி, உள்ளங்கைக்கு எது?

வன்னியின் சித்திரை வெக்கையில் வியர்க்காதவர் இல்லை. ஆனால் மார்கழிக் குளிரிலும் உள்ளங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதும், பரீட்சை எழுதும் பிள்ளை விடைத்தாள் நனையாமல் இருக்கக் கைக்கு அடியில் கைலேஞ்சியை விரித்துக்கொண்டு எழுதுவதும் வெக்கையால் வருவன அல்ல. அது மிகைவியர்வை: கமக்கட்டிலும் வரும், சிகிச்சையும் உள்ள ஒரு நோய்.

முதலில் முயல வேண்டியது 20 சதவீத அலுமினியம் குளோரைட் கரைசல். இரவில் உலர்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். சிலருக்கு எரிவு வரும், செலவு குறைவு. கமக்கட்டில் நன்றாகப் பலிக்கும், தடித்த உள்ளங்கைத் தோலில் அவ்வளவாக எடுபடாது.

அது கைகொடுக்காத கமக்கட்டுக்குப் பொட்டுலினம் (பொட்டொக்ஸ்) ஊசிதான் சிறந்தது என்பது என் முடிவு. வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் அசற்றைல்கோலினை நரம்பு வெளிவிடாமல் அது தடுக்கிறது. கமக்கட்டில் அயடீன் பூசி அதன்மேல் மாவைத் தூவினால், வியர்க்கும் இடம் மட்டும் கருநீலமாகக் கறுத்துத் தெரியும். அந்த எல்லைக்குள் பக்கத்துக்கு 50 அலகு மருந்தைப் பத்துப் பதினைந்து இடங்களில் தோலுக்குள் சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். இரண்டு கிழமைக்குள் கமக்கட்டு காய்ந்து, பலருக்கு அரை வருடமளவுக்கு அப்படியே இருக்கும். அதன்பின் மறுபடியும் போட வேண்டும் என்பதால் செலவும் திரும்பத் திரும்ப வரும்.

உள்ளங்கையில் கதை வேறு. அங்கே ஊசி கடுமையாக வலிக்கும். மருந்து தசைக்குப் பரவினால் விரல்களின் பிடி சில கிழமைகளுக்குத் தளரும். மண்வெட்டியோ தையல் ஊசியோ பிடித்துப் பிழைக்கும் கைக்கு அது சிறிய இழப்பல்ல. ஆகவே கைக்கு மின்னோட்டச் சிகிச்சையையே முதலில் பார்க்கலாம்: தட்டுகளில் விட்ட குழாய்த் தண்ணீரில் கைகளை அமிழ்த்தி, மெல்லிய மின்னோட்டத்தை இருபது முப்பது நிமிடம் செலுத்துவார்கள், தொடக்கத்தில் கிழமைக்கு மூன்று முறை, பிறகு ஒரு முறை போதும். ஆனால் இந்த மண்ணில் ஒன்றைக் கட்டாயம் கேட்டாக வேண்டும். யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு கையில் இன்னும் இருப்பவரும், முறிந்த எலும்புக்குத் தகடு வைத்தவரும், பழைய தழும்புதானே என்று விட்டுவிடாமல் அதை வைத்தியரிடம் காட்ட வேண்டும். உடலில் உலோகம் உள்ளவருக்கு இந்த மின்னோட்டம் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும் அப்படியே.

வியர்வையைக் குறைக்கும் மாத்திரை உடல் முழுவதையும் உலர்த்துவதால், வெயிலில் வயல் வேலை செய்பவரின் உடற்சூடு தணியாமல் போகலாம். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் சத்திரசிகிச்சை கையைக் காயவைத்தாலும், முதுகிலும் வயிற்றிலும் வியர்வையைப் பெருக்கிவிடக்கூடும். வெட்டியதை மீட்கவும் முடியாது.

இந்த நோயில் உறங்கும்போது பெரும்பாலும் வியர்ப்பதில்லை. இரவில் படுக்கை நனைய வியர்த்து உடலும் மெலிந்துவந்தால், ஊசியைப் பற்றி யோசிக்கும் முன் காசநோய் உண்டா என்று சளியையும், அத்தோடு தைரொயிட்டையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.