லாமி சஃபாரி: என் முதல் வரைவுகளின் பேனா

நான் எழுதுவது இளையோர் நாவல்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பேசுவதும் முறைத்துக்கொள்வதும்தான் பக்கத்துக்குப் பக்கம். கடைசி இரண்டு நாவல்களின் முதல் வரைவையும் லாமி சஃபாரி மைப் பேனாவால்தான் முழுக்க எழுதினேன். எந்தப் பேனா, எந்த நோட்டு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

சஃபாரி வந்தது 1980-இல். வோல்ஃப்காங் ஃபாபியான் வடிவமைத்தது, அதுவும் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து. என் வாசகர்களின் வயதுக்காகச் செய்த பேனா என்பதே எனக்குத் தனிச் சந்தோஷம். விரல் பிடிக்கும் இடம் முக்கோணமாகச் செதுக்கியிருக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சரிவில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு மணி வரை எழுதுகிறேன், விரல் வலிப்பதில்லை. ஆனால் பேனாவை வேறு மாதிரிப் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சரிவு உறுத்தும், யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிப் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். கடையில் பெரும்பாலும் எம் (M, நடுத்தர அகலம்) நிப்தான் முதலில் கைக்கு வரும். ஆங்கிலத்துக்கு அது அழகாக இருக்கும், தமிழுக்கு, அதிலும் என்னைப் போலப் பொடியாக எழுதுகிறவர்களுக்கு, சுழிகளெல்லாம் மையில் அடைத்துக்கொள்ளும். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றுபோலத் தெரிந்தால் தட்டச்சு செய்யும்போது கண் நோகும். மெல்லிய முனையுள்ள எஃப் (F) வாங்குங்கள், ரொம்பப் பொடி எழுத்து என்றால் அதைவிட மெல்லிய ஈஎஃப் (EF). ஏற்கெனவே எம் வாங்கிவிட்டீர்களா, பரவாயில்லை, நிப்பை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், முழுப் பேனா வாங்க வேண்டாம்.

சரி, கணினி இருக்கும்போது கையால் எதற்கு? என் அனுபவத்தில் காரணம் அடித்தல் திருத்தல்தான். கணினியில் அழித்த வரி அழிந்தே போகிறது. நோட்டில் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான், வரி அங்கேயே கிடக்கிறது. போன நாவலில் ஒரு பெண் தன் அண்ணனிடம் பேசும் காட்சி. "எனக்குக் கோபமெல்லாம் இல்லை" என்று எழுதி, சப்பென்று இருக்கிறதே என்று அடித்துவிட்டு, அரைப் பக்கத்துக்கு அவள் மனதில் இருப்பதையெல்லாம் கொட்ட வைத்தேன். மூன்று நாள் கழித்துப் படித்தால், அந்த அரைப் பக்கமும் நான் பேசுவது, அடித்த அந்த ஒரு வரிதான் அவள் பேசுவது. பதினைந்து வயதில் கோபம் வந்தால் இல்லை என்றுதானே சொல்வோம்! கோட்டுக்கு அடியில் அந்த வரி தெரிந்ததால்தான் அது புத்தகத்துக்குள் வந்தது.

நோட்டு லாய்ச்டுர்ம்1917 என்ற பிராண்டு, ஏ5 அளவு. பக்க எண் அச்சிட்டே வருகிறது, முன்னால் பொருளடக்கத்துக்கு இடமும் உண்டு. எந்தக் காட்சி எந்தப் பக்கம் என்று அதில் குறித்து வைத்தால் தேடும் நேரம் மிச்சம். வலப்பக்கம் மட்டும் எழுதுவேன், இடப்பக்கம் திருத்தத்துக்கு. அப்புறம் கையால் முறுக்கும் சமையலறை டைமர் ஒன்று, இருபத்தைந்து நிமிடத்துக்கு. போன் வேறு அறையில் இருக்கும்.

மையை யோசித்து வாங்குங்கள். சாதாரண மை தண்ணீர் பட்டால் கலைந்துவிடும். ஒரு முறை டம்ளர் சாய்ந்து ஒரு அத்தியாயத்தின் முதல் நான்கு பக்கங்கள் நீலத் தண்ணீராகிவிட்டன, நினைவிலிருந்து திரும்ப எழுதினேன், முதலில் வந்த பேச்சு திரும்ப வரவேயில்லை. அதிலிருந்து தண்ணீரில் கரையாத மைதான். அந்த வகை மை உள்ளே காய்ந்தால் எடுப்பது கஷ்டம், அதனால் பேனாவைச் சும்மா போட்டுவைக்காமல் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். புட்டியிலிருந்து நிரப்ப கன்வெர்ட்டர், அதாவது பேனாவுக்குள் பொருத்தி மையை உறிஞ்சும் சின்னக் குழாய், வேண்டும், பெரும்பாலும் தனியாகத்தான் விற்கிறார்கள், பேனாவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

உடலின் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு இருக்கிறது, எவ்வளவு மை மிச்சம் என்று அதில் தெரியும். தினமும் எழுத உட்காரும் முன் அதைத்தான் பார்ப்பேன். நல்ல பேச்சு வந்துகொண்டிருக்கும்போது நடுவில் எழுந்துபோய் மை நிரப்ப எனக்கு மனசு வராது.